கரித்தூள் கலந்த பிளாஸ்டிக்

என் மனைவி என்னிடம் முதன்முதலாகக் கேட்ட பொருள், உப்பிப்போன செல்போன் பேட்டரி.

திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, மேலே சிமென்ட் ஷீட். வருகிறவர்கள் சாலையில் நின்றபடியேதான் பேச வேண்டும். அன்றைக்குக் காலை கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு பையும் கையில் எவர்சில்வர் தூக்குமாக ஒரு பெண் வந்து நின்றாள்.

"அண்ணா, வீணாப்போன பேட்டரி வச்சிருக்கீங்களா? உப்பிப்போனதா இருந்தா நல்லது."

பழைய பேட்டரிக்குப் புதுசு கேட்டு வருவார்கள். பழசையே கேட்டு வந்த ஆளை நான் பார்த்ததில்லை.

"எதுக்குமா?"

"அறுத்துப் பாக்கணும்."

நான் பதறிப்போனேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் உப்பிய பேட்டரி ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, அது புஸ்ஸென்று புகைந்து, என் வலது கைப்பெருவிரல் வெந்திருந்தது. அந்த விரலை அவளுக்குக் காட்டினேன். அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நெம்புனீங்களா?" என்று கேட்டாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது எனக்கு வெட்கமாக இருந்தது.

தூக்கைத் திறந்து காட்டினாள். உள்ளே பாதிக்கு மேல் மணல். சார்ஜை முழுக்க இறக்கிக் கொடுத்தால் மணலுக்குள் புதைத்து எடுத்துப் போவதாகவும், விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்வதாகவும், அங்கே அதற்கென்று கண்ணாடிப் பெட்டி இருப்பதாகவும் சொன்னாள். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம்தான் அவள் ஊர். தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய் மாலையில் திரும்புகிறவள். என் கடையைத் தினமும் தாண்டித்தான் போயிருக்கிறாள். நான்தான் குனிந்த தலை நிமிராமல் இருந்திருக்கிறேன்.

மூன்று பேட்டரி கொடுத்தேன். அடுத்த வாரம் வந்தாள், இன்னும் இரண்டு கொடுத்தேன். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ நான் கேட்டேன்: "நாங்கல்லாம் இதத் தூக்கிப் போடறதுக்கே பயந்துக்கினு இருக்கோம். நீங்க இத வச்சிக்கினு இன்னாதான் பண்றீங்க?"

அவள் பையிலிருந்து ஒரு கறுப்புப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல் நீளம், சைக்கிள் டியூபில் வெட்டியதுபோல இருந்தது. "மல்டிமீட்டர் வச்சுப் பாருங்கண்ணா."

இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். கீ என்று சத்தம் வந்தது. கரண்டு போகிறது.

"இப்ப உங்க சூடு காத்து மெஷின அது மேல காட்டுங்க."

போர்டில் ஈயம் உருக்குகிற காற்றுக்குழாயை மிகக் குறைவாக வைத்துப் பட்டையின் மேல் காட்டினேன். சில நொடிகளில் சத்தம் நின்றுவிட்டது. பட்டை உருகவில்லை, கருகவில்லை. தொட்டுக்கொண்டிருந்த மீட்டர் முனைகள் நகரவுமில்லை. குழாயை அணைத்தேன். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறியதும் மறுபடி கீ என்றது.

பத்து வருடமாக மின்சாரத்தோடு பழகுகிறவன் நான். பியூஸ் போனால் போனதுதான், வேறு போட வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். நான் அந்தப் பட்டையை அன்றைக்கு ஏழெட்டு முறை சுட வைத்தும் ஆற வைத்தும் பார்த்தேன். அவள் பாசஞ்சரைத் தவறவிட்டாள்.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் சொன்னது இதுதான். பிளாஸ்டிக்கில் கரித்தூளைக் கலந்து பிசைந்து தகடாக அழுத்துகிறார்கள். பிளாஸ்டிக்கில் மின்சாரம் போகாது, கரியில் போகும். குளிர்ந்திருக்கும்போது கரித்தூள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் அவற்றின் வழியே ஓடும். சூடேறினால் பிளாஸ்டிக் விரியும். தூள்கள் விலகிப்போகும். வழி அடைபடும். இதை பேட்டரிக்குள் வைத்துவிட்டால், பேட்டரி கொதிக்கத் தொடங்கும்போதே மின்சாரம் நின்றுவிடும். தீப்பிடிக்கிற அளவுக்குச் சூடு போகாது. இந்த மாதிரிப் பொருள் உலகத்தில் ஏற்கனவே இருக்கிறது, என் கடையில் வரும் சில போன்களிலேயே இருக்கிறது என்றும் சொன்னாள். நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர் உபயோகத்துக்கும் ஏற்ற மாதிரி, மெல்லியதாக, உள்ளூரில் கிடைக்கிற பிளாஸ்டிக்கில் செய்ய வேண்டும் என்பது அவளுடைய முயற்சி.

அதனால்தான் அவள் நகக்கண்களில் எப்போதும் கறுப்பு இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், "பேட்டரி இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டாள். முன்னால் இருந்த 'அண்ணா'வைக் காணோம். மறந்துபோயிருப்பாள் என்று நினைத்தேன். மறுநாளும் காணோம். அந்த வாரம் முழுக்கக் காணோம். வாடிக்கையாளர்கள் சொல்வது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒருவர் ஸ்பீக்கர் மாற்றக் கொடுத்த போனுக்கு நான் டிஸ்ப்ளே மாற்றி வைத்தேன்.

அந்தக் கோடையில் அவள் ஒரு பட்டையைச் சிறிதாக வெட்டி என்னுடைய பழைய போன் ஒன்றில் வைத்துத் தந்தாள். நான்தான் கேட்டு வைக்கச் சொன்னேன். ஒரு மதியம் நான் பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது, பெட்ரோல் டேங்க் உறையில் வைத்திருந்த அந்தப் போன் அணைந்துவிட்டது. நிழலுக்கு வந்ததும் உயிர் வந்தது. மறுபடி வெயிலில் போனது. அவளிடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் வெயிலுக்கே பட்டை அடைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஏசி ரூம்ல வச்சிப் பாத்திருப்பீங்க. எங்க கடையில மத்தியானம் ஒரு மணி நேரம் குந்திக்கினு பாருங்க. வெயில்னா இன்னான்னு தெரியும்" என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். அவள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

மே மாதத்தில் கல்லூரி விடுமுறை. கம்பி முனையில் சூட்டைக் காட்டும் சிறிய கருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என் பைக்கில் அலைந்தோம். விழுப்புரம் பஸ் டிரைவர் ஒருவரிடம் கெஞ்சி, அவர் முன்னால் கண்ணாடியோரம் போன் வைக்கிற இடத்தில் சூட்டை அளந்தோம். இட்லிக் கடையில் அடுப்புக்கு மேல் அலமாரியில் அளந்தோம். பொம்மையார்பாளையம் கடற்கரையில் மீனவர்கள் டார்ச்சும் போனும் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அளந்தோம். ஒரு மீனவர், "கடலுக்கே காய்ச்சலா?" என்று கேட்டார். அனந்தபுரம் சந்தையில் தார்ப்பாய்க்குக் கீழே வெங்காய மூட்டைமேல் வியாபாரி வைத்திருந்த போனில் அளந்தோம். ஒவ்வொன்றையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். துப்பட்டாவைத் தலையில் முக்காடு போட்டு, மூக்கு நுனி சிவந்து, ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் நின்ற கோலம் இன்னும் எனக்கு அப்படியே இருக்கிறது.

அனந்தபுரம் சந்தையில் எங்கள் பங்காளி ஒருவர் மாடு பார்க்க வந்திருந்தார். நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்விட்டது.

எங்களுக்கு அங்கே நிலம் இருக்கிறது, எங்கள் பேச்சில் கொல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவோம். அப்பா இல்லை. என் அண்ணன்தான் பயிர் பார்க்கிறார். அன்றைக்குக் கொல்லையிலிருந்து வந்து கால்கூடக் கழுவாமல் என்னிடம் கேட்டார்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

சொன்னேன். கட்டிக்கப் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதை நான் இன்னும் அவளிடமே சொல்லியிருக்கவில்லை.

"வேதக்காரங்க வூட்டுப் பொண்ணா?"

"ஆமாண்ணா, கிறிஸ்டியன்தான்."

அண்ணன் வேறொன்றும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் போய்க் காலைக் கழுவினார், சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். அம்மாதான் என்னிடம் வந்து உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு இன்னா படிச்சிருக்குது?" என்று கேட்டார். பிளாஸ்டிக் என்றேன். "அதுக்குக் கூடவா படிப்பு வச்சிருக்கான்?" என்றார்.

பிறகு அவளிடமும் சொன்னேன், ஒத்துக்கொண்டாள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அவள் வீட்டில் எல்லாரும் வந்தார்கள். என் பக்கத்தில் அம்மா மட்டும். அண்ணன் அம்மாவை டிராக்டரில் கொண்டுவந்து ரோட்டு முனையில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். நாங்கள் திண்டிவனத்தில் வாடகை வீடு பிடித்தோம். அவள் வழக்கம்போல காலை பாசஞ்சரில் விழுப்புரம் போனாள். நகக்கண்ணில் கறுப்போடு வந்து இரவு சாப்பாடு பிசைந்தாள். முதல் முறை அம்மா வந்தபோது அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "கரி அடுப்புலயா சமைக்கிற? கேஸ் இல்லியா?" என்று கேட்டார்.

மே மாதம் அளந்த வெயிலுக்கு ஏற்றபடி அவள் பிளாஸ்டிக்கை மாற்றினாள். இரண்டு மூன்று வகையைக் கலந்து, வெயிலில் அடைக்காமலும் ஆபத்துக்கு முன்னால் அடைத்துக்கொள்ளவும் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சில நாள் வீட்டுக்கு வந்து பேசவே மாட்டாள். தகடு பொரிந்து உதிர்ந்திருக்கும், அல்லது கரி ஒரு பக்கமாகத் திரண்டிருக்கும். நான் தோசை ஊற்றிக் கொடுப்பேன். தின்றுவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் மெதுவா பிசையச் சொல்லணும்" என்பாள். மாவைப் பற்றிச் சொல்கிறாளா, பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்கிறாளா என்று எனக்குக் கேட்கத் தோன்றாது.

கடைசியில் பட்டை சரியாக வந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் சரியாக இருந்தால் போதாது, யாராவது தினமும் வேலைக்குப் பயன்படுத்துகிற ஒரு பேட்டரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா அப்போது எங்கள் வீட்டில் இருந்தார்.

"நம்ம கொல்லையிலயே மருந்து அடிக்கிற மிஷின் கீது. அதுல வச்சுக் குடு. பேட்டரி போச்சுன்னு பெரியவன் ஒரு வாரமா பேஜார் பட்டுக்கினு இருக்கான். உன் பொண்டாட்டி செஞ்சதுன்னு சொல்லாத, வாங்கிக்குவான்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"சொல்லாம குடுக்கக் கூடாதுங்க. அது அவரு முதுகுல மாட்டிக்கிற பொருளு. நானே வந்து சொல்றேன்."

கல்யாணமாகி ஒன்றரை வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவள் எங்கள் ஊர் வீட்டு வாசலை மிதித்தாள். அண்ணன் கொட்டகையில் ஸ்பிரேயரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகில் தூக்கிக்கொள்கிற மருந்து டேங்க், அதற்கடியில் பேட்டரிப் பெட்டி. அவள் நேராகப் போய் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பேட்டரியில் என்ன வைத்திருக்கிறாள், எதற்காக வைத்திருக்கிறாள், அது நின்றுபோக வாய்ப்பு இருக்கிறது, நின்றால் கழற்றிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "வச்சிட்டுப் போ" என்றார்.

அந்த வருடம் மல்லாட்டையில் இலைப்புள்ளி நோய் அதிகம். அண்ணன் அடிக்கடி மருந்தடித்தார். இரண்டு மாதம் ஒரு குறையும் வரவில்லை. அண்ணனை மாமா என்று சொல்லும் அவள் ஒவ்வொரு ஞாயிறும், "மாமாகிட்ட கேட்டீங்களா?" என்பாள். நான் அம்மாவிடம் கேட்பேன். ஓடுகிறது என்பார்.

பிறகு ஒரு முற்பகலில் அண்ணன் எனக்கு போன் செய்தார். அவராக போன் செய்வதே அபூர்வம்.

"உன் பொண்டாட்டி பேட்டரி பாதியில நின்னுபோச்சுடா. குந்தித் தண்ணி குடிச்சிட்டு வந்து போட்டா ஓடுது. நாலு சாலு போறதுக்குள்ள மறுபடி நிக்குது. காலையிலேர்ந்து இதே ரோதனை. வந்து எடுத்துக்கினு போங்க. நான் வேற வாங்கிக்கிறேன்."

சனிக்கிழமை என்பதால் அவள் வீட்டில்தான் இருந்தாள், நானும் இன்னும் கடைக்குக் கிளம்பவில்லை. நான் சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்தது. என் போனைப் பிடுங்கி அண்ணனை அழைத்தாள்.

"மாமா, முதுகுலேர்ந்து இறக்கி வைங்க. மறுபடி போடாதீங்க. ஆறுனாலும் போடாதீங்க. நாங்க வந்துக்கினே இருக்கோம்."

அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. போகிற வழியெல்லாம் அவள் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள். "ஜல்தி போங்க" என்று இரண்டு முறை சொன்னாள்.

ஸ்பிரேயர் வரப்பின்மேல் இருந்தது. அண்ணன் சற்றுத் தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றார். அவள் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். நான் பேட்டரியைத் தூக்கி மண்மேல் வைத்தேன். மருந்து டேங்கின் அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அதன் வழியே மருந்து கசிந்து பெட்டிக்குள் இறங்கி, ஒரு ஒயரின் மேலுறையை அரித்திருந்தது. உள்ளிருந்த கம்பி பக்கத்துத் தகட்டில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தகடு பழுப்பேறியிருந்தது. பேட்டரியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்குக் கருகல். அதற்கு மேல் பரவவில்லை. ஒவ்வொரு முறை சூடேறியபோதும் கறுப்புப் பட்டை வழியை அடைத்திருக்கிறது. ஆறியதும் திறந்திருக்கிறது. அண்ணன் மறுபடி மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். கருகிய இடத்தை விரலால் தொடப் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அண்ணன் கையைத் தட்டிவிட்டு நான் பார்த்ததில்லை.

"இது என் முதுகுலதான இருந்திச்சு?" என்றார்.

"ஆமாங்க மாமா."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, முதல்முறையாக அவளை நேராகப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, நின்னது சரி. நிக்கலன்னா நான் இன்னா ஆயிருப்பேன்னு தெரியுது. ஆனா இன்னாத்துக்கு நிக்கிறேன்னு அது சொல்ல வேணாமா? மக்கர் பண்ணுதுன்னு நெனச்சு நான் பாட்டுக்குத் தட்டித் தட்டி மறுபடி போட்டுக்கினு இருந்தேன்."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினாள். எழுதும்போது கண்ணீர் தாளில் விழுந்தது. பேனா மை கலைந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி, "வூட்டுக்கு வந்து சாப்புட்டுப் போங்க. அம்மா மல்லாட்டை வேக வச்சிருக்கு" என்றார்.

திரும்பி வரும்போதுதான் அண்ணன் முதுகு என் கண்முன் வந்து நின்றது. பைக்கை ஓரம் கட்டினேன். அவளும் இறங்கினாள். அவளுக்குச் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். அவள் செய்த பொருள் செய்ய வேண்டியதைச் செய்திருந்தது. அவளோ தன்மேல் கோபமாக இருந்தாள். "ஆறுனா தானா திரும்ப ஓடும்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னேனே. அதுதாங்க மாமாவ அத்தனை தடவை மாட்ட வச்சுது" என்றாள்.

அடுத்த ஆறேழு மாதம் அதற்காகவே போனது. ஒருமுறை அடைத்துக்கொண்டால், பெட்டியைத் திறந்து பார்க்கிற வரைக்கும் வழி திறக்காதபடி மாற்றினாள். கூடவே ஒரு சிவப்பு விளக்கு வைத்தாள். அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் எரிகிற விளக்கை யார் பார்ப்பது என்று கேட்டார். அடிபட்டு வந்த போன்களிலிருந்து சின்ன ஸ்பீக்கர்களை எடுத்து நான் கொடுத்தேன். இப்போது அது கத்துகிறது. சத்தம் பத்தவில்லை என்றும் அண்ணன் ஒருமுறை திருப்பி அனுப்பினார். இந்தப் பேச்செல்லாம் அவர்கள் இருவருக்கும் நேரடியாகவே நடந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால், "அந்தப் பொண்ணுகிட்ட குடு" என்பார்.

போன வருடம், விவசாயக் கருவிகள் செய்கிற ஒரு சிறிய கம்பெனி அவளைச் சென்னைக்கு வந்து விளக்கச் சொன்னது. அவளுக்குக் கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். விஷயம் கேள்விப்பட்ட அண்ணன், நானும் வருகிறேன் என்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அந்தக் கருகிய பேட்டரியின் வெறும் கூட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தார். அவள் வழியெல்லாம் காகிதங்களைப் புரட்டி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அங்கே மேசையைச் சுற்றி ஐந்து பேர். அவள் தெளிவாகத்தான் பேசினாள். அவர்களில் ஒருவர், விவசாயிகள் இதற்காகக் கூடுதலாகக் கொடுப்பார்களா என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். டப்பாவைத் திறந்து கூட்டை மேசைமேல் வைத்தார். சட்டையின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டி, "இது இங்க இருந்திச்சுங்க" என்று தொடங்கினார். இலைப்புள்ளி நோயிலிருந்து ஆரம்பித்து, வேப்ப மரம், விரிசல், விளக்கு, சத்தம் வரைக்கும் அரை மணி நேரம் பேசினார். யாரும் நிறுத்தவில்லை. நடுவில் ஒருவர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "எங்க வூட்டுப் பொண்ணு செஞ்சதுன்னு சொல்லல. நான் முதுகுல போட்டுப் பாத்தவன், அதனால சொல்றேன்" என்று முடித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு பருவத்துக்கு மட்டும், கொஞ்சம் ஸ்பிரேயர்களில் போட்டுப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பருவம் இப்போதுதான் நடக்கிறது. ஒலக்கூர்ப் பக்கம் சில ஊர்களிலும் செஞ்சிப் பக்கமும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. முடிவு எப்படி வரும் என்று தெரியாது. அவள் விழுப்புரத்தில் பாடமும் நடத்துகிறாள், மாலையில் இன்னும் மெல்லிய பட்டைக்கு முயற்சியும் செய்கிறாள்.

சென்னையிலிருந்து திரும்பிய அன்று ரயிலில் கூட்டம். அவளுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அண்ணனும் நானும் கதவோரம் நின்று வந்தோம். செங்கல்பட்டு தாண்டியதும் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்த கம்பெனிக்காரன் போட்ட சாப்பாடு நல்லாவே இல்லடா. பொண்ணு சரியா சாப்புடல. திண்டிவனத்துல எறங்குனதும் எதுனா வாங்கிக் குடு."